வீடு முடியும்வரை இருபத்தேழு வயது

நான் வேலை பார்த்த கிளினிக்கில் இருபத்தேழு வயதைத் தாண்டிய பெண் என்று ஒருத்தியும் வந்ததில்லை. பதினெட்டு வரும், இருபது வரும், இருபத்துநாலு வரும். பிறகு இருபத்தேழு வரும். அதோடு வயது நின்றுவிடும். முன்நெற்றியில் நரை தெரியும், கண்ணுக்குக் கீழே கறுப்புக் கட்டியிருக்கும், தம்பியின் மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பாள். கேட்டால் இருபத்தேழு. வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த டொக்டர்மார் கல்முனைக் கடற்காற்றில் ஏதோ விசேஷம் இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

போன மாதம் இரண்டு இளம் மருத்துவ மாதுக்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். கொழும்பில் ஒரு பயிற்சி முடித்துவிட்டு வந்த களை அவர்களுடைய முகத்தில் இருந்தது. பெண்ணின் முட்டைக் கலம் வயதோடு எப்படித் தரம் குறைகிறது என்று பெரிய திரையில் படம் போட்டுக் காட்டினார்களாம். கலத்துக்குள்ளே சக்தி தருகின்ற துணுக்குகள் களைத்துப்போவதையும், பரம்பரையைச் சுமக்கும் நிறமூர்த்தங்கள் சரியாகப் பங்கு பிரியாமல் போவதையும் எனக்கு விளக்கினார்கள். கடைசியில் ஒருத்தி, உங்கள் காலத்தில் இதெல்லாம் தெரியுமா மிஸ்ஸி என்று கேட்டாள். இரக்கப்பட்டுத்தான் கேட்டாள். எனக்குக் கோபம் ஏறிவிட்டது. முட்டையைப் பற்றி எங்களுக்கு வேண்டிய அளவு தெரியும் பிள்ளை, தெரியாமல் இருந்தது முட்டைக்குச் சொந்தக்காரியின் வயதுதான் என்றேன். அவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கச் சொல்லவில்லை. அந்த வயதைக் கண்டுபிடிப்பதிலேயே எங்கள் பாதி உத்தியோகம் போனது. அவர்கள் போன பிறகு உட்கார்ந்து இதை எழுதினேன்.

நான் படித்த கதையை நீட்ட விரும்பவில்லை. ஒரு முஸ்லிம் பெண்பிள்ளை விடுதியில் தங்கி மருத்துவிச்சி வேலை படிப்பதா என்று ஊர் கேட்டது. வாப்பா பதில் சொல்லாமல் என்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டார். விடுதிச் சோற்றையும் மேட்ரனின் ஏச்சையும் தின்று முடித்து மிஸ்ஸியாகத் திரும்பி வந்தேன். எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளிக்குச் சற்று முன்னர்தான் எனக்கு வேலை கிடைத்தது. ஊர் கேட்டதை ஊரே மறந்து, முதல் பிரசவத்துக்கே என்னைத் தேடி வந்தது.

வயது ஏன் இருபத்தேழில் நின்றது என்பதை வெளியூர்க்காரருக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அந்த வீட்டைப் பெண்ணின் வாப்பாவும் அண்ணன்மாராகிய காக்காமாரும் கட்டிக் கொடுக்க வேண்டும். மார்க்கம் மாப்பிள்ளையைத்தான் பெண்ணுக்கு மஹர்ப் பணம் கொடுத்துக் கலியாணம் முடிக்கச் சொல்கிறது. எங்கள் மாப்பிள்ளைமார் மார்க்கத்தை மீறுகிறவர்கள் அல்ல. பள்ளிவாசலில் மஹரைச் சொல்லிவிட்டு, ஹோல் எத்தனை அடி என்று வெளியே வந்து கேட்பார்கள். ஒரு பெரும்போகத்து நெல்லில் அத்திவாரம் போடுவார்கள். அடுத்த போகத்தில் சுவர் எழும்பும். வெள்ளம் வந்தால் வேலை நிற்கும், பயிருக்கு அறக்கொட்டிப் பூச்சி அடித்தால் நிற்கும், மூத்தவளுக்குக் கட்டி முடிந்தால்தான் இளையவளுக்குத் தொடங்கும். கூரை ஏறாமல் கலியாணம் பேச முடியாது. கூரை ஏறும்போது பெண்ணுக்கு முப்பத்தைந்து ஆகியிருக்கும். முப்பத்தைந்தை யார் எடுப்பார்? ஆகவே வீடு முடியும்வரை வயதையும் சாரம் கட்டி நிறுத்தி வைத்தார்கள்.

இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு குறை. முட்டைக்கு அதை யாரும் அறிவிக்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் கிளினிக்குக்கு ஒரு பெண் டொக்டர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரி. ஊரார் அவரை லேடி டொக்டர் என்றார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். மெலிந்த உடம்பு, மெலிந்த குரல். அந்தக் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. யாராவது பொய் சொன்னால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைப்பார். துடைத்து முடித்து, “அப்பிடியும் எழுதலாம்” என்பார். எழுதியும் விடுவார். பொய் என்ற சொல்லை அவர் ஒருநாளும் பாவித்ததில்லை. துடைக்கிற நேரம் நீண்டால் பொய் பெரியது என்று எனக்கு விளங்கும். வெள்ளிக்கிழமைகளில் புதுமணப் பெண்கள் கூட்டமாக வருவார்கள். அன்று அந்தக் கண்ணாடி பளபளவென்று இருக்கும்.

வயதை அவர் நேரே கேட்பதில்லை. அது வீண் வேலை என்பதை வந்த முதல் மாதத்திலேயே கண்டுகொண்டார். கையில் இரத்த அழுத்தப் பட்டியைச் சுற்றிக்கொண்டே, “வெள்ளத்துக்கு எங்க நிண்டனீர்?” என்பார். ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்தைப் பற்றி எங்கள் ஊரில் ஒருவரைக் கேட்டுவிட்டு உடனே எழும்ப முடியாது. எந்தப் பள்ளிக்கூடத்தில் ஏறி நின்றோம், யாருடைய மாடு மிதந்து போனது, யார் கஞ்சி காய்ச்சினார் என்று வந்துகொண்டே இருக்கும். உம்மா சொல்லித்தான் தெரியும் என்பவள் உண்மையில் இளம் பெண். வாப்பா தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார் என்பவள் முப்பதைத் தொட்டவள். இடுப்பளவு தண்ணீரில் நானே நடந்து போனேன் என்பவளுக்கு முப்பத்தைந்துக்குக் குறையாது. ஒருத்தி பள்ளிவாசலில் ஊர்ச் சனத்துக்குச் சோறாக்கியதைக் கண்கலங்கச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் தனக்கு இருபத்தேழு என்றாள். அன்று கண்ணாடி துடைத்த துடைப்பில் பிரேம் கழன்றுவிட்டது.

ஒரு வருடம் இது நன்றாக ஓடியது. பிறகு எப்படியோ கதை வெளியே போய்விட்டது. அன்றிலிருந்து எங்கள் ஊரில் ஒரு பெண்ணும் வெள்ளத்தைக் கண்டதில்லை. வெள்ளமா, எந்த வெள்ளம் என்று டொக்டரிடமே கேட்டார்கள். பெரும் அழிவொன்றை ஊரோடு சேர்ந்து மறக்க முடியும் என்பதை நான் அப்போதுதான் பார்த்தேன்.

லேடி டொக்டர் சளைக்கவில்லை. வேறொரு கேள்வி கண்டுபிடித்தார். “உமக்குத் தம்பி இருக்கிறாரா? அவருக்கு என்ன வயசு?” ஆண்களின் வயதைக் குறைக்க எங்கள் ஊரில் யாரும் மினக்கெட்டதில்லை. தம்பிக்கு முப்பத்திமூன்று என்று பளிச்சென்று சொல்லிவிடுவார்கள். சொன்ன பிறகுதான் முகம் மாறும். தனக்கு இருபத்தேழு, தம்பிக்கு முப்பத்திமூன்று என்றால் டொக்டர் கண்ணாடியைக் கழற்றவே மாட்டார். மேசையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பார். அந்த மௌனத்தில் சில பெண்கள் உண்மையைச் சொன்னார்கள். மாமியார் பக்கத்தில் இருந்தால் சொல்ல மாட்டார்கள். மாமியார் பக்கத்தில் இல்லாத நாள் ஏது?

வயது ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், அவருடைய வைத்தியம் அதைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தது. கலியாணம் முடித்து இரண்டு வருடம், வயது இருபத்தேழு என்றால், இன்னும் ஒரு வருடம் பொறுத்துப் பார்க்கலாம் என்பார். முப்பத்தேழு என்றால் பொறுக்க நேரமில்லை. காலையில் எழும்புமுன் உடம்புச் சூடு பார்த்து எழுதிவர வேண்டும், மட்டக்களப்புக்குப் போய்க் குழாய் அடைப்புப் பார்க்கும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும், முட்டை வெளிவர மாத்திரை தொடங்க வேண்டும். புருஷன் சம்மதிக்காமல் இதில் ஒன்றும் நடக்காது. ஊகத்தில் செய்யவும் அவர் தயாரில்லை. அவளே தன் வாயால் சொல்லாத வயதுக்குத் தான் மருந்து எழுதப்போவதில்லை என்பார்.

விதைநெல் கதையையும் சொல்லிவிடுகிறேன், அது அவருக்கு நடந்த தோல்வி. எங்கள் வயற்காரர்களுக்கு விளங்கட்டும் என்று அவர் ஒரு காலம் இப்படிச் சொல்லி வந்தார். போன போகத்து விதைநெல்லை ஊறப்போட்டால் ஏறக்குறைய எல்லாமே முளைக்கும். வருடக்கணக்கில் சாக்கில் கிடந்ததை ஊறப்போட்டால் பாதிகூட முளைக்காது. பெண்ணின் முட்டையும் அப்படித்தான், அது அவளோடு பிறந்து அவளோடு முதிர்கிறது. நாவிதன்வெளிப் பக்கம் வயல் செய்த ஒருவர் இதைத் தலையாட்டிக் கேட்டார். இப்படி விளங்கச் சொன்ன டொக்டரைத் தான் கண்டதில்லை என்று நன்றியும் சொன்னார். இரண்டு மாதத்தில் புது விதைநெல் எடுத்துவிட்டார். இரண்டாம் கலியாணச் சாப்பாட்டுக்கு எங்கள் இருவருக்கும் அழைப்பு வந்தது, லேடி டொக்டரின் ஆலோசனைப்படிதான் முடித்தேன் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். அன்றைக்குத்தான் டொக்டருக்குக் கோபம் வந்து நான் பார்த்தேன். அதற்குப் பிறகு எந்தப் புருஷன் வந்தாலும் முதல் வார்த்தை, “முதல்ல உம்மட நெல்லை ஊறப்போட்டுப் பாப்பம்” என்பதுதான். சோதனைக்குக் குப்பியைக் கையில் கொடுத்ததும் பாதிப்பேர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விடுவார்கள்.

சுபைதா வந்தது இதற்குப் பிறகுதான்.

அவள் வந்த முதல் நாளே மாமியார் ஆசியாவும்மாவும் கூட வந்தார். நல்ல உயரம், பருத்த குரல், கையில் குடை. மகன் அலியாருக்கும் சுபைதாவுக்கும் கலியாணமாகி இரண்டு வருடம். பிள்ளை இல்லை. மருமகளுக்கு வயது இருபத்தேழு என்று அவரே சொன்னார். இந்தப் பெரும்போகம் வெட்டி முடிவதற்குள் ஒரு நல்ல செய்தி வராவிட்டால் மகனுக்கு வேறு இடம் பார்க்க வேண்டியதுதான் என்றும் அவரே சொன்னார். சுபைதா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கழுத்தில் இரண்டு கோடு விழுந்திருந்தது.

டொக்டர் வெள்ளத்தைக் கேட்டார். அப்போது தான் வயிற்றில் இருந்ததாக சுபைதா சொன்னாள். நன்றாகப் படித்துக்கொண்டு வந்திருந்தாள். டொக்டர் தம்பியின் வயதைக் கேட்டார். அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். கண் நிறைந்துவிட்டது. அப்போது நடந்தது எனக்கு விசித்திரமாக இருந்தது. ஆசியாவும்மா இடையில் புகுந்து, அவன் சின்னப் பொடியன், இருபத்திநாலு என்றார். அந்தத் தம்பியை எனக்குத் தெரியும். அவனுடைய மூத்த பிள்ளை குர்ஆன் ஓதப் போகிறது. மருமகளின் பொய்யை மாமியார் முட்டுக் கொடுத்து நிறுத்துகிறாரே, இவருக்கு இதில் என்ன ஆதாயம் என்று யோசித்தேன். டொக்டர் கண்ணாடியைத் துடைத்தார். ஒரு வருடம் பொறுத்துப் பார்க்கலாம் என்று எழுதினார்.

அவள் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவள். அவளுக்கு முப்பத்தேழு என்பது எனக்குத் தெரியும். அந்த ஒரு வருடம் அவளிடம் இல்லை என்பதும் தெரியும். மருத்துவிச்சி வீடுவீடாகப் போகிறவள், ஆகவே ஒருநாள் அவளுடைய வீட்டுக்குப் போனேன். நல்ல வீடு. ஹோல், இரண்டு அறை, ஓட்டுக் கூரை. தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு, கேட்காமலே சொல்லத் தொடங்கினாள். கலியாணம் முதலில் பேசியது சூறாவளிக்கு முன்னராம். கூரை போட்ட கிழமையே சூறாவளி வந்து ஓடுகளை முழுக்க அள்ளிக்கொண்டு போனது. அந்த மாப்பிள்ளையும் கூரையோடு போய், வேறு கூரை பார்த்துக்கொண்டார். திரும்பக் கட்டி முடிக்க வாப்பாவுக்கு மூன்று வருடம் பிடித்தது. பிறகு அலியாரைப் பேசினார்கள். அலியார் அவளைவிட ஐந்து வயது இளையவன். பெண்ணுக்கு இருபத்தைந்து என்று சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தார்கள்.

மாமிக்கு இது தெரியாதா என்று கேட்டேன்.

“தெரியும் மிஸ்ஸி. நிக்காஹ்வுக்கு முன்னமே கண்டுபிடிச்சிட்டா. கண்டுபிடிச்சு, கூடக் கொஞ்சம் கூரை ஓடும் மரமும் இறக்கிக் குடுத்தா மகனுக்குச் சொல்லமாட்டன் எண்டா. வாப்பா லொறியில ஏத்தி அனுப்பினார். என்ட மாப்பிள்ளைக்குத்தான் ஒண்டும் தெரியாது.”

ஓடும் மரமும் எங்கே போனது என்பதும் அவளுக்குத் தெரியும். அலியாருக்கு நூருன் என்று ஒரு ராத்தா இருந்தாள், இரண்டு வயது மூத்தவள், கலியாணமாகாதவள். ராத்தாவை வைத்துக்கொண்டு தம்பிக்கு முடிப்பது எங்கள் வழக்கமில்லை. ஆசியாவும்மா முடித்துவைத்ததற்குக் காரணமே இந்த லொறிதான். மருமகளின் பத்து வருடத்தை விற்று மகளின் கூரையைப் போட்டிருக்கிறார். போட்டும் கலியாணம் முடிக்கவில்லை. கவர்ன்மென்ட் மாப்பிள்ளைதான் வேண்டும், அதற்கு மேல்மாடி வேண்டும் என்று மாடி கட்டத் தொடங்கியிருந்தார். நூருனுக்கும் ஊரில் இருபத்தேழு என்றுதான் பேச்சு.

டொக்டரிடம் தனியாகச் சொல்லலாமே என்றேன். சொன்னால் அவசரமாக வைத்தியம் தொடங்குவார், எதற்கு இந்த அவசரம் என்று அலியார் கேட்பான், என்ன சொல்வது என்றாள். அவன் விட்டுவிட்டுப் போனால் வீடு அவளுடையதுதான், யாரும் அவளைத் தெருவில் இறக்க முடியாது. “வீடு இருக்கும் மிஸ்ஸி. வீட்டுக்குள்ள ஆர் இருப்பா?” என்று கேட்டாள். நான் நாக்கு நீண்டவள் என்று பெயர் எடுத்தவள். அன்று தேத்தண்ணிக் கோப்பையை நானே கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

நடந்தது என்னவென்றால், அலியார் சோதனைக்கு வந்தான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லாத ஒரு சிலரில் அவனும் ஒருவன். சோதனை முடிவு கேட்க மனைவியையும் உம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். அவனில் ஒரு குறையும் இல்லை என்றார் டொக்டர். ஆசியாவும்மா குடையைத் தரையில் ஊன்றி, பார்த்தீர்களா என்பதுபோல் எங்கள் எல்லோரையும் பார்த்தார். டொக்டர் அவரைப் பார்க்கவில்லை. சுபைதாவின் பக்கம் திரும்பினார்.

“இருபத்தேழு எண்டால் நான் முதல் சொன்னபடி பொறுத்துப் பாக்கலாம். முப்பத்தேழு எண்டால் இண்டைக்கே தொடங்க வேணும், இல்லாட்டி நான் உமக்குத் துரோகம் செய்யிறன். எது எண்டு நீர்தான் சொல்ல வேணும்.”

கண்ணாடி மூக்கிலேயே இருந்தது. சுபைதா டொக்டரைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்துச் சொன்னாள்.

“முப்பத்தேழு.”

ஆசியாவும்மா எழும்பினார். அல்லாஹ்வே, எங்களை ஏமாற்றிவிட்டார்கள், பொய் சொல்லிக் கிழவியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று வெளியில் இருந்த பெண்களுக்கும் கேட்கும்படி தொடங்கினார். ஆனால் சுபைதா இருந்த இடத்தை விட்டு எழும்பவில்லை. சத்தமும் போடவில்லை.

“உங்களுக்குத் தெரியும் மாமி. அதுக்குத்தானே ஓடும் மரமும் வாங்கினீங்க.”

“வாயப் பொத்துகா” என்றார் ஆசியாவும்மா. அதிலேயே அலியாருக்கு விளங்கிவிட்டது. அவன் அந்த ஓடுகளைத் தானே ஏணி வைத்து ராத்தாவின் கூரையில் அடுக்கியவன். அவன் தன் கைகளைப் பார்த்தான். எழும்பிப் போய்விடுவான் என்றுதான் நான் நினைத்தேன். அவன் டொக்டரைப் பார்த்து, வயது போனால் முட்டைக்கு என்ன நடக்கும் என்று கேட்டான்.

டொக்டர் விதைநெல்லைத் தொடவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னார். ஆணுக்கு வித்து நாளாந்தம் புதிதாக உண்டாகும். பெண்பிள்ளைக்கு அப்படி இல்லை. அவள் தாயின் வயிற்றில் இருக்கும்போதே முட்டை முழுவதும் உண்டாகிவிடும், பிறகு புதிதாக ஒன்றும் வராது. ஒவ்வொரு முட்டையும் தனக்குள்ளே இருப்பதை இரண்டாகப் பங்கு போடத் தொடங்கி, அரைவாசியில் நிறுத்திவிட்டுக் காத்திருக்கும். இருபத்தைந்து வருடம் காத்திருந்தது ஒழுங்காகப் பங்கு போடும். முப்பத்தேழு வருடம் காத்திருந்ததில் கட்டு தளர்ந்திருக்கும், உள்ளே பலமும் குறைந்திருக்கும். பங்கு பிசகும், ஒரு பக்கம் கூடிப்போகும், மறுபக்கம் குறைந்துபோகும். அப்படியானது அநேகமாகக் கருவாகாது. கருவானாலும் தங்காமல் விழுந்துவிடும். எல்லா முட்டையும் அப்படி இல்லை, நல்லதும் இருக்கும், ஆனால் வருடத்துக்கு வருடம் குறையும். அதை இளமையாக்க ஒரு மருந்தும் தன்னிடம் இல்லை என்றார்.

அலியார் எல்லாவற்றையும் கேட்டான். பிறகு, “வீடு கட்டி முடியுமட்டும் அது பொறுக்காதா டொக்டர்?” என்றான். பகிடிக்குக் கேட்கவில்லை.

“அதுக்கு வீட்டுக் கதை தெரியாது தம்பி.”

அவன் உம்மாவின் பக்கம் திரும்பினான். “எனக்கு முப்பத்திரண்டு உம்மா. ராத்தாக்கு இருபத்தேழு எண்டு சொல்லித் திரியிறீங்க. அஞ்சு வயசு இளையவளையா நான் ராத்தா எண்டு கூப்பிடுறன்?”

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, கொடுப்புக்குள் கடித்து அடக்கினேன். இவ்வளவு காலமும் அந்தக் கணக்கு அவனுக்குத் தோன்றவே இல்லை. அவனுக்கு மட்டுமா, ஊர் முழுக்க எத்தனை தம்பிமார் தங்களைவிட இளைய ராத்தாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் அலியாரின் முகத்தைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது. அவன் அழுதுகொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பாலமுனையில் ஒரு கடைக்காரர் நூருனை முன்பு இரண்டு தடவை பெண் கேட்டிருந்தார். கவர்ன்மென்ட் உத்தியோகம் இல்லை என்று ஆசியாவும்மா தேத்தண்ணிகூடக் கொடுக்காமல் அனுப்பிய மனிதர். அலியார் நேரே அவரிடம் போனான். மாடிக்குக் கூரை இல்லை, கீழே நிலைகளுக்குக் கதவு இல்லை என்று முதலிலேயே சொன்னான். கதவு இல்லாத வீட்டுக்குள் நுழைவது இன்னும் சுலபம்தானே என்றாராம் அவர். இப்படியும் ஒரு மாப்பிள்ளை எங்கள் பக்கத்தில் பிறந்திருக்கிறார் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

மாடியில் நடந்த நிக்காஹ்வுக்கு நான் போயிருந்தேன். நிலைகளில் சேலையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். வாப்பா மௌத்தாகிவிட்டதால் அலியார்தான் வலி, பெண்ணின் பொறுப்பாளி. பெண்ணின் வயது என்ன என்று பதிவுகாரர் கேட்டார். சேலைக்குப் பின்னாலிருந்து ஆசியாவும்மாவின் குரல் பழக்கதோஷத்தில் இருபத்தேழு என்றது. அலியார் முப்பத்திநாலு என்றான். பதிவுகாரர் பேனையை நிறுத்தி அவனைப் பார்த்தார். அந்த இடத்தில் அவர் அப்படி ஒரு எண்ணை எழுதிப் பழக்கமில்லாதவர். அலியார் திரும்பவும் சொன்னான். எழுதினார். வானம் இடிந்து விழவில்லை. மாடிக்குக் கூரை இல்லாததால் அதை எல்லோருமே பார்த்தோம்.

நூருனுக்கு அடுத்த பெரும்போகம் முடிவதற்குள் ஆண்பிள்ளை பிறந்தது. என் கையால்தான் எடுத்தேன்.

சுபைதாவுக்கு வைத்தியம் அன்றைக்கே தொடங்கியது. எழும்புமுன் உடம்புச் சூடு பார்த்தாள், எக்ஸ்ரே எடுத்தாள், மாத்திரை குடித்தாள். இரண்டு தடவை கரு உண்டானது. இரண்டும் மூன்றாம் மாதம் தாண்டவில்லை. இரண்டாவது தடவை என் கையைப் பிடித்துக்கொண்டு, சூறாவளிக்கு முன்னம் எனக்கு முடித்திருந்தால் இது தங்கியிருக்குமா மிஸ்ஸி என்று கேட்டாள். நான் டொக்டரைப் பார்த்தேன். பொய் சொல்ல அவருக்குத் தெரியாது. தங்கியிருக்கக் கூடும், உறுதியாகச் சொல்ல யாராலும் ஏலாது, ஆனால் பிழை உம்மில் இல்லை என்றார். பிறகு அவளுக்குக் கரு உண்டாகவில்லை. இந்தக் கதையை இனிப்பாக்க அவள் மடியில் ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து வைக்க எனக்கு ஆசைதான். ஆனால் இல்லாததைச் சொல்லும் பழக்கத்தைத்தான் இவ்வளவு நேரமும் ஏசினேன்.

ஆசியாவும்மா விட்டுவிடவில்லை. டொக்டர் சொன்னதிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட பாடம், இளம் பெண்ணாகப் பார்க்க வேண்டும் என்பதுதான். மகனுக்கு இரண்டாம் கலியாணத்துக்கு இடம் கொண்டுவந்துகொண்டே இருந்தார். அலியார் ஒன்றுக்கும் மாட்டேன் என்று சொல்லவில்லை. உம்மா காட்டிய ஒவ்வொரு வீட்டுக்கும் போவான். சுற்றிப் பார்ப்பான். எந்தப் பெண்ணையும் காத்திருக்க வைக்காமல் அன்றைக்கே குறை சொல்லிவிடுவான். ஒரு வீட்டில் கிணற்றுத் தண்ணீர் சவர் என்றான். இன்னொன்றில் ஹோல் போதாது என்றான். வேறொன்றில் குசினி வாசலோடு இருக்கிறது என்றான். ஆசியாவும்மா வாழ்நாள் முழுக்க மற்றவர்களுடைய வீட்டைப் பார்த்துக் கேட்ட கேள்விகள்தான் அவை. கடைசியாகப் பார்த்த வீட்டில் ஒரு குறையும் சொல்ல முடியாது என்று தரகர் அடித்துச் சொல்லியிருந்தார். அலியார் போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஹோல் சுவரில் வெடிப்பு இருக்கிறது என்றான். அதற்குப் பிறகு ஆசியாவும்மா இடம் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

இதை எனக்குச் சொன்னவள் சுபைதாதான். அந்தக் கடைசி வீட்டுப் பெண்ணுக்கு அதே மாதம் வேறு இடத்தில் கலியாணம் முடிவாகி, சுபைதாவும் பந்திக்குப் போயிருக்கிறாள். சிரித்துச் சிரித்துச் சொன்னவள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அந்த ஹோல் சுவரை நான் முழுக்கத் தடவிப் பாத்தன் மிஸ்ஸி. ஒரு வெடிப்பும் இல்ல.”